சற்றே திரும்பி

அம்மாவின் பற்கள், அப்பாவின் தாடை.
முப்பத்தொன்பது வருடம் அந்தக் கல்யாணத்தை
என் வாய்க்குள்தான் நடத்திக்கொண்டிருந்தேன்.
அகலமானவர்களுக்கு ஒடுங்கிய வீடு.
முன்பல் ஒன்று
நெரிசல் பஸ்ஸில் இறங்க வழி தேடுகிற ஆளாய்த்
தோளைத் திருப்பி நிற்கும்.
அதன் பக்கத்துப் பல் அண்ணத்தோரம் ஒதுங்கிக்கொண்டது,
கூப்பிட்டால் மட்டும் வருகிறேன் என்று.

க்யூர்பிப்பில் அன்றும் மழை.
அங்கே என்றைக்கு மழை இல்லை?
டாக்டர் லீ கின் சூன் எக்ஸ்ரேயை
விளக்கடியில் பிடித்தபடி கிரியோலில் சொன்னார்:
பற்களின் மேல் தப்பில்லை, மதாம் அப்பாசாமி.
இடம்தான் இல்லை.

இடம் எப்படி வரும்?
முன்வரிசைக்குப் பின்னால் நின்ற இரண்டு பேரைப் பிடுங்கினார்கள்.
சொத்தையில்லை. கோணலில்லை.
ஒருநாளும் வலித்ததில்லை.
எஃகுத் தட்டில் டக், டக்.
நான் சம்பளக் கணக்குப் பார்க்கிற
சட்டைத் தொழிற்சாலையில்
ஆட்குறைப்பும் இப்படித்தான் நடந்தது.
அந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்தது நான்.
வாயில் பஞ்சு இருந்ததால்
இதை டாக்டரிடம் சொல்லவில்லை.

பிறகு கம்பி.
பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள் என்பார்களே,
அந்த ராத்திரி கடிக்கவும் முடியாது.
தால்பூரியைக் கத்தரிக்கோலால் நறுக்கித் தின்றேன்.
இந்த வயதிலா என்று கேட்டவர்களுக்குப்
பதில் சொன்னால் எச்சில் தெறித்தது.
தைப்பூசத்தன்று கன்னத்தில் அலகு குத்தித்
தம்பி எதிரே நடந்து வந்தான்.
இரண்டு பேர் வாயிலும் உலோகம்.
அவனால் சிரிக்க முடியாது, எனக்குச் சிரிக்க வெட்கம்.
கண்ணால் முடித்துக்கொண்டோம்.

இருபத்திரண்டு மாதம்.
கடிகாரத்தின் சின்ன முள் நகர்வதை
யார் பார்த்திருக்கிறார்கள்?
கம்பி கழற்றிய அன்று நாக்கு,
வெள்ளையடித்து மாற்றிப் போட்ட அறைக்குள்
இருட்டில் சுவிட்சைத் தடவுகிற விரலாய்ப்
பழைய விளிம்பைத் தேடித் தேடி வழுக்கியது.

திரும்பி நின்ற பல்லுக்கு ஞாபகம் அதிகம், என்றார் டாக்டர்.
ஈறுக்குள் நார்கள் பழைய பக்கமே இழுத்துக்கொண்டிருக்கும்.
கழற்றி வைக்காமல் ரிடெய்னர் போடுங்கள்,
சாப்பிட மட்டும் எடுக்கலாம்.
ஒரு வருடம் போனால் ராத்திரி மட்டும்.
எத்தனை நாளைக்கு?
பல் இருக்கிற வரைக்கும்.

ரோஸ் பெல்லில் கல்யாணம். இலையில் ஏழு கறி.
ரிடெய்னரைக் காகிதத் துடைப்பானில் சுற்றி
இலையோரம் வைத்தேன். வைத்தது நினைவிருக்கிறது.
கை கழுவித் திரும்புவதற்குள்
மேசையே சுத்தமாகியிருந்தது.
மண்டபத்துப் பின்புறம்,
பட்டுவேட்டியை மடித்துக் கட்டிய என் கணவரும்
பரிமாறுகிற பையன் ஒருவனும் கைபேசி வெளிச்சத்தில்
முந்நூறு எச்சில் இலைகளைப் புரட்டினார்கள்.
பூசணிக்காய், ரசம், நசுங்கிய வடை.
கிடைத்தேவிட்டது என்று பையன் தூக்கிக் காட்டினான்.

பச்சை நிறம். மினுமினுப்புத் தூள் கலந்தது.
என்னுடையதில்லை. என் வாயில் பாதிகூட இருக்காது.

மைக்கில் அறிவித்தார்கள்.
நாதஸ்வரம் ஒரு கணம் நின்றது.
பெண்வீட்டார் வரிசையிலிருந்து ஒரு சிறுமி
வாயைக் கையால் மூடிக்கொண்டு வந்தாள்.
அந்தக் கையை எனக்குத் தெரியும்.
எத்தனை குடும்பப் படங்களில்
என் மூக்குக்குக் கீழே இருந்த கை.
வாங்கிக்கொண்டு ஓடிவிட்டாள்.
நன்றிகூடச் சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

என்னுடையது கிடைக்கவே இல்லை.
புதிதுக்கு அச்செடுத்து வர மூன்று வாரம்,
ஒன்பதாயிரம் ரூபாய்.
கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை.
உனக்குப் பிரமை என்கிறார் கணவர்.
நாக்குக்குத் தெரியும்:
அந்தப் பல் சற்றே திரும்பியிருக்கிறது,
பின்னாலிருந்து யாரோ
பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல.